பாதி தேய்ந்த குளிர்கால டயருக்கு என்ன விலை?

அக்டோபர் கடைசி வாரம். டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் மேப்பிள் இலைகள் வாசலெங்கும் உதிர்ந்து கிடக்கின்றன. ஒரு வீட்டின் கராஜ் கதவு மேலே ஏறுகிறது. உள்ளே சுவரோரமாக, கறுப்பு இரும்பு ரிம்மில் மாட்டியபடியே நான்கு குளிர்கால டயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. வீட்டுக்காரர் பழைய கொரோலாவைக் கொடுத்துவிட்டு வேறு வண்டி எடுத்துவிட்டார். புது வண்டிக்கு இந்தச் சக்கரங்கள் சேராது. வாங்க வந்திருப்பவன், மே மாதம் படிக்க வந்திறங்கிய இளைஞன். கையில் ஒரு பழைய கொரோலா, எதிரே வாழ்க்கையின் முதல் பனிக்காலம்.

“அண்ணை, இது எவ்வளவு ஓடினது?”

“மூண்டு விண்டர், தம்பி. எந்த வருசத்து ரயர் எண்டு பக்கத்தில எழுதியிருக்கு, பாரும்.”

இளைஞன் குந்தி உட்கார்ந்து கைபேசி வெளிச்சத்தை டயரின் பக்கச்சுவரில் அடிக்கிறான். ‘டிஓடி’ என்று தொடங்கும் எழுத்து வரிசையின் முடிவில், ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள்: 3420. 2020ஆம் ஆண்டின் 34ஆவது வாரத்தில், அதாவது ஆகஸ்டில் செய்த டயர். இந்த நான்கு இலக்கத்தைப் படிக்கத் தெரியாமலே ஆண்டுதோறும் எத்தனையோ பேர் பழைய டயர் வாங்குகிறார்கள். அவர்களில் பலர் பனியையே முன்பின் பார்த்திராதவர்கள் என்பதுதான் கவலைக்குரிய விஷயம்.

பழைய சட்டையில் கிழிசல் தெரியும், பழைய பாத்திரத்தில் நசுங்கல் தெரியும். குளிர்கால டயரில் விற்பனைக்கு வருவது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. ரப்பரில் இன்னும் மிச்சமிருக்கும் மென்மைதான் அந்தச் சரக்கு.

ரப்பர் என்பது நீண்ட மூலக்கூறு இழைகளின் சிக்கல். ஒரு கை இடியாப்பத்தை அள்ளியது போல இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். கந்தகம் அங்கங்கே முடிச்சுப் போட்டு அவை பிரிந்துவிடாமல் பிடித்துக்கொள்ளும். சூடு இருக்கும்வரை இழைகள் ஓயாமல் நெளிந்துகொண்டிருக்கும். அதனால்தான் ரப்பர் சாலையின் பொடிப்பொடி மேடுபள்ளங்களுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. குளிரக் குளிர நெளிவு மந்தமாகிறது. ஒரு கட்டத்துக்குக் கீழே இழைகள் உறைந்து, ரப்பர் கண்ணாடி போல விறைத்துப்போகிறது. அறிவியலில் இதைக் கண்ணாடி நிலைமாற்றம் என்கிறார்கள்.

குளிரில் ரப்பர் என்ன ஆகும் என்பதை உலகம் மிகக் கசப்பான முறையில் கற்றுக்கொண்டது. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 விநாடிகளில் சிதறி, அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள். அன்று காலை ஏவுதளத்தில் வெப்பநிலை ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ். சில நாட்களுக்குப் பின், விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் தொலைக்காட்சிக் கேமராக்களின் முன்னால் ஒரு துண்டு ரப்பரைச் சிறு கவ்வியில் நசுக்கி, ஐஸ் தண்ணீர் தம்ளரில் போட்டு எடுத்தார். கவ்வியைத் தளர்த்தியபோது ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. ராக்கெட்டின் மூட்டுகளை அடைத்திருந்த வளையங்களுக்கு நேர்ந்ததும் அதுதான். அவை உடைந்துபோகவில்லை, வேண்டிய வேகத்தில் மீளத்தான் முடியவில்லை.

டயருக்கும் அந்த வேகம்தான் பிரச்சினை. இயற்கை ரப்பர் உறைவது சுமார் மைனஸ் 70 டிகிரியில். டொராண்டோ அவ்வளவு குளிர்வதே இல்லை. பிறகு ஏன் 7 டிகிரிக்குக் கீழே கோடை டயரை நம்பாதே என்கிறார்கள்? சாலை போட வைத்திருக்கும் தார் டின்னில் விடை இருக்கிறது. கட்டித் தாரில் விரலை மெல்ல அழுத்திக்கொண்டே இருந்தால் பதிந்துவிடும். அதே தாரைச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் சில்லுச்சில்லாக உடையும். பொருள் ஒன்றுதான், நாம் கொடுக்கும் அவகாசம்தான் வேறு. பிரேக் பிடிக்கும்போது டயரின் மேற்பரப்பு சாலையின் மணல் பருக்கைகளின் மேல் இழுபடுகிறது. அந்தப் பருக்கைகள் ரப்பரை விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை, நுண்ணிய அளவில் அதைவிடப் பல மடங்கு, குத்தி விடுவிக்கின்றன. அந்தக் கதியில் ரப்பரின் இழைகளுக்கு நெளிய நேரமில்லை. கைக்கு மென்மையாகத் தெரியும் ரப்பர் சாலைக்கு விறைப்பாகத் தெரிகிறது. உறையும் வெப்பநிலையே பல பத்து டிகிரி மேலே ஏறிவிட்டது போல அது நடந்துகொள்கிறது.

அதனால் குளிர்கால டயருக்குக் கலவையே வேறு. மிகக் குறைந்த வெப்பநிலை வரை நெகிழும் பியூட்டடையீன் ரப்பர், இயற்கை ரப்பர், புகைக்கரிக்குப் பதிலாகவோ அதனுடன் சேர்த்தோ சிலிக்கா, இழைகளை வழுக்கி நகரவிடும் எண்ணெய்கள். இவற்றில் இயற்கை ரப்பருக்கு நம் ஊர்களோடும் உறவு உண்டு. இலங்கையில் கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொட தோட்டத்தில் 1876இல் பிரேசிலிய ரப்பர் நாற்றுகள் நடப்பட்டன. ஆசியாவின் ரப்பர் தோட்டங்களுக்கு அது ஒரு தொடக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்றும் விடியுமுன்னே விளக்கோடு போய் ரப்பர் பால் வெட்டுகிறார்கள். வாழ்நாளில் ஒருமுறைகூடக் குளிர் அறியாத ஒரு மரத்தின் பால்தான், மைனஸ் 20 டிகிரியில் நெகிழ்ந்து கொடுக்கிறது!

இந்த மென்மைக்கு ஒரு விலையும் உண்டு. ஜூலை மாதத்துச் சூடான தார்ச்சாலையில் குளிர்கால டயர் பென்சில் அழிப்பான் போலத் தேயும். ஆகவே “எத்தனை வருசம் ஓடியது” என்பதோடு “கோடையிலும் கழற்றாமல் ஓடியதா” என்றும் கேட்க வேண்டும். டயரின் ஓரங்கள் உருண்டு போயிருந்தால் பதில் பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

அடுத்தது ஆழம். டயரின் மேற்பரப்பில் மேடாக நிற்கும் கட்டைகளைத் தமிழ்நாட்டு ஓட்டுநர்கள் ‘பட்டன்’ என்பார்கள். “பட்டன் போச்சு” என்றால் டயர் மொட்டையாகிவிட்டது என்று பொருள். குளிர்கால டயரின் பட்டன்களை உற்றுப் பார்த்தால், ஒவ்வொன்றின் மேலும் பிளேடால் கீறியது போல நெளிநெளியாகக் கோடுகள் இருக்கும். ஆங்கிலத்தில் இதற்கு ‘சைப்’ என்று பெயர். 1923இல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை பெற்ற ஜான் சைப் என்பவரின் பெயரே நிலைத்துவிட்டது. ஈரத் தரையில் வழுக்காமலிருக்கத் தன் செருப்பின் ரப்பர் அடியில் அவர் கீறல் போட்டுக்கொண்டார் என்று சொல்லப்படுகிறது.

பனியில் இந்தக் கீறல்கள் செய்யும் வேலை விசித்திரமானது. பனித்துகளைத் தொட்டு விளையாடிய எந்தக் குழந்தைக்கும் தெரியும், பனி எதனோடும் ஒட்டுவதைவிடப் பனியோடுதான் நன்றாக ஒட்டும். உருண்டை பிடிக்க முடிவது அதனால்தான். கீறல்களும் பள்ளங்களும் பனியை அள்ளி நெருக்கி வைத்துக்கொள்கின்றன. சாலையில் கிடக்கும் பனியை டயருக்குள் இருக்கும் பனி பிடித்துக்கொள்கிறது. மழைக்கால டயரிலோ பள்ளத்தின் வேலை நேர் எதிரானது. அங்கே தண்ணீரை அப்பால் தள்ள வேண்டும், இங்கே பனியை உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். வைத்துக்கொள்ளப் பள்ளம் வேண்டுமே!

புதிய குளிர்கால டயரில் பட்டனின் ஆழம் பெரும்பாலும் 8 முதல் 9.5 மில்லிமீட்டர். ஜெர்மனியில் சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை அனுமதித்தாலும், அங்குள்ள வாகன ஓட்டிகள் சங்கமான ஆடாக் குளிர்கால டயருக்கு 4 மில்லிமீட்டராவது வேண்டும் என்கிறது. கனடாவின் போக்குவரத்துத் துறையும் 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றிவிடச் சொல்கிறது. 9 மில்லிமீட்டரில் தொடங்கிய டயர் 6.5க்கு வந்தால், பார்வைக்கு முக்கால் பங்கு மீதி இருப்பது போலத் தோன்றும். பனிக்கு உதவும் ஆழத்தைக் கணக்கிட்டால், 4க்கு மேலே மிச்சமிருப்பது பாதிதான். விலை பேசும்போது எண்ண வேண்டியது அந்தப் பாதியைத்தான்.

அளக்கக் கருவி இல்லாதவர்களுக்குக் கனடாவின் கால் டாலர் நாணயமே போதும். அதிலிருக்கும் கரிபு மானின் மூக்கு கீழ்நோக்கி இருக்கும்படி பள்ளத்தில் செருகுகிறார்கள். மூக்கு நுனி வெளியே தெரிந்தால் ஆழம் 6 மில்லிமீட்டருக்குக் குறைவு. ஸ்கார்பரோ கராஜில் இளைஞன் நாணயத்தைச் செருகுகிறான். மான் மூக்கை மறைத்துக்கொள்கிறது. அவன் அதோடு நிறுத்தாமல் டயரின் நடுவிலும் இரு ஓரங்களிலும் செருகிப் பார்க்கிறான். வீட்டுக்காரப் பெரியவர் முகத்தில் ஒரு திருப்தி. ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் முந்தைய வண்டியில் சக்கரக் கோணம் கோணலாக இருந்திருக்கும்; நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம் அடித்து ஓட்டியிருப்பார்கள்.

பனியைவிடக் கொடியது பனிக்கட்டி. உறைநிலையை ஒட்டிய பனிக்கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். டயர் அதில் மிதந்து போகும். மைனஸ் 20 டிகிரிப் பனிக்கட்டியைவிட 0 டிகிரியை ஒட்டிய பனிக்கட்டியில் டயர் மோசமாக வழுக்குவதற்கு இந்த ஈரமே காரணம். இது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை ஒரு சின்னக் கணக்கு காட்டும். 50 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடிக்கும் வண்டிக்கு, உராய்வெண் 0.1 என்றால் நிற்க ஏறத்தாழ 98 மீட்டர் வேண்டும். 0.15 ஆனால் 66 மீட்டர் போதும். வெறும் 0.05 வித்தியாசம், 32 மீட்டர் தூரம். பாதசாரிக் கடவையில் ஒரு குழந்தை நிற்பது அந்த 32 மீட்டருக்குள்ளாக இருக்கலாம்.

ஜப்பானில் ஒருகாலத்தில் இரும்பு ஆணி பதித்த டயர்களால் இதைச் சமாளித்தார்கள். ஆணிகள் தார்ச்சாலையைச் சுரண்டிச் சுரண்டி ஊரெல்லாம் தூசு பறந்தது. 1990இல் அவற்றைத் தடுக்கச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே, 1988இல், பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனம் ‘பிளிசாக்’ டயரைக் கொண்டுவந்தது. அதன் ரப்பருக்குள் ரொட்டியில் இருப்பது போல நுண்துளைகள். அவை பனிக்கட்டியின் மேலுள்ள நீரை உறிஞ்சிக்கொள்ளும். பழைய டயர் வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி ஒன்று இதில் ஒளிந்திருக்கிறது. இந்த வரிசையின் பழைய மாடல்கள் பலவற்றில் நுண்துளை ரப்பர் பட்டனின் மேற்பாதி வரைக்கும்தான். அதற்குக் கீழே வேறு கலவை. மேற்பாதி தேய்ந்துவிட்டால் பெயர் மட்டும் மிஞ்சும்.

இனி வயது. டயர் ஓடாமல் மூலையில் கிடந்தாலும் கிழடாகும். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் மூலக்கூறு இழைகளுக்கிடையே மேலும் மேலும் முடிச்சுப் போட்டு ரப்பரை இறுக்கும். ஓசோன் இழைகளை வெட்டி வெடிப்புகளை உண்டாக்கும். எண்ணெய் மெல்லக் கசிந்து வெளியேறும். இதைத் தாமதப்படுத்தத்தான் டயரில் மெழுகும் ‘6பிபிடி’ என்ற காப்பு வேதிப்பொருளும் கலக்கிறார்கள். டயர் உருண்டு நெளியும்போது அவை உள்ளிருந்து மேற்பரப்புக்கு வந்து படலமாகப் படியும். நெளியாமல் கிடக்கும் டயருக்கு அந்தக் கவசம் சரியாகக் கிடைப்பதில்லை. “ரெண்டே ரெண்டு விண்டர்தான் ஓடியது” என்று பெருமையாகச் சொல்லப்படும் பத்து வருடப் பழைய டயரை வேண்டாம் என்று சொல்ல இதுதான் காரணம். பட்டன் முழுசாக இருக்கும், மென்மை போயிருக்கும்.

அந்த 6பிபிடிக்கு இன்னொரு முகமும் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மழை பெய்த பிறகு ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடுமுன்பே செத்து மிதந்தன. பல ஆண்டுகள் தேடி 2020இல் ஆராய்ச்சியாளர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். டயர்த் தூளிலுள்ள 6பிபிடி ஓசோனோடு வினைபுரிந்து உருவாகும் பொருள்தான் மீன்களைக் கொன்றது. டயரைக் காக்கும் மருந்தே ஆற்றுக்கு நஞ்சாகியிருக்கிறது. இதற்கு மாற்று தேடும் வேலை இன்னும் நடக்கிறது. அதுவரை, நல்ல நிலையிலுள்ள டயரை முழு ஆயுளும் பயன்படுத்துவதும், மென்மை தீர்ந்ததைத் தெருவில் தேய்க்காமல் மறுசுழற்சிக்குக் கொடுப்பதும்தான் செய்யக்கூடியவை.

மென்மையை அளக்க ‘டூரோமீட்டர்’ என்ற சிறு கருவி இருக்கிறது. ஊசி முனையை ரப்பரில் அழுத்தினால் ஓர் எண் காட்டும். எண் கூடினால் இறுக்கம் கூடியது என்று பொருள். அது இல்லாவிட்டால் நகம் இருக்கிறது. குளிரான காலையில் பட்டனில் நகத்தை அழுத்தினால் தடம் பதிந்து மெல்ல மறைய வேண்டும். முழு உத்தரவாதம் இல்லை என்றாலும், பலகையைப் போலக் கிடக்கும் டயரை அது காட்டிக்கொடுத்துவிடும். விற்க நினைப்பவர் கோடையில் அவற்றைக் கழுவி, உலர்த்தி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில், கறுப்புப் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி வைத்தால் அந்த மென்மை நீடிக்கும். ஓசோன் உண்டாக்கும் மின்மோட்டார்களின் பக்கத்தில் வைக்கக் கூடாது. ரிம்மோடு இருந்தால் அடுக்கி வைக்கலாம், ரிம் இல்லாவிட்டால் நிறுத்தி வைக்க வேண்டும்.

“அண்ணை, ரெண்டு மட்டும் தருவீங்களோ? முன்சில்லுதானே வண்டியை இழுக்குது. காசும் கொஞ்சம் இடிக்குது.”

“ரெண்டாத் தரமாட்டன், தம்பி. முன்னுக்கு மட்டும் போட்டா, வளைவில பின்பக்கம் உம்மை முந்திக்கொண்டு வரும். நாலையும் கொண்டுபோம். விலையில குறைச்சு விடுறன்.”

அவர் சொன்னது இயற்பியல். முன் டயர்கள் சாலையைப் பிடித்துக்கொள்ள, பின் டயர்களுக்குப் பிடி இல்லையென்றால், பிரேக் அழுத்தியதும் வண்டியின் வால் சுழன்றுவிடும். நான்கிலும் பிடி குறைவாக இருப்பதைவிட இது ஆபத்தானது. ஏனென்றால் முன்பக்கம் நன்றாகப் பிடிப்பதால் ஓட்டுநருக்கு எச்சரிக்கையே கிடைக்காது.

ரிம் விஷயத்தில் ஏமாறுவது இன்னும் சுலபம். ஒரு பழைய கொரோலாவும் ஒரு பழைய ஹோண்டா சிவிக்கும் 195/65 ஆர்15 என்ற ஒரே அளவு டயரில் ஓடலாம். இரண்டுக்கும் ஐந்து நட்டு. ஆனால் கொரோலாவின் ஐந்து துளைகளும் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில், சிவிக்கில் 114.3 மில்லிமீட்டர் வட்டத்தில். இந்த 114.3 என்ற விநோத எண் வேறொன்றுமில்லை, நாலரை அங்குலம்தான். சரி, அதே 114.3 உள்ள டொயோட்டா கேம்ரியின் ரிம் சிவிக்குக்குச் சேருமா? நடுத்துளையில் சிக்கும். கேம்ரிக்கு 60.1, சிவிக்குக்கு 64.1 மில்லிமீட்டர். சிவிக்கின் அச்சுமுனை கேம்ரி ரிம்முக்குள் நுழையாது. தலைகீழாக, சிவிக் ரிம் கேம்ரியில் ஏறிவிடும், ஆனால் நடுவில் இடைவெளி விழுந்து நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் நடுங்கும்.

நட்டு இதைவிட நுட்பமானது. இரண்டு நிறுவனங்களின் நட்டுகளிலும் புரி ஒன்றே, 12 மில்லிமீட்டர். கையால் சுற்றினால் ஒன்று மற்றதில் அழகாக ஏறும். ஆனால் ஹோண்டாவின் சொந்த ரிம்களில் நட்டு உட்காரும் குழி உருண்டை, கடையில் தனியாக வாங்கும் இரும்பு ரிம்களில் பொதுவாகக் கூம்பு. உருண்டைக் குழியில் கூம்பு நட்டு ஒரு மெல்லிய வளையத்தில் மட்டுமே தொடும். இறுகியது போலத் தெரியும், ஓட ஓடத் தளரும். எனவே விற்பவர் ரிம்மோடு அதற்குரிய நட்டுகளையும் ஒரு பையில் போட்டுக் கொடுப்பதே நேர்மையான விற்பனை. இரும்பு ரிம்மின் விளிம்பில் துரு ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சாலையில் கொட்டும் உப்பு பனியை மைனஸ் 21 டிகிரி வரை உருக்கவல்லது, அதே உப்பு ரிம்மையும் தின்னும். டயர் உட்காரும் விளிம்பு பொரிந்தால் காற்று மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். காற்று குளிரிலேயே இறங்கும் என்பது வேறு. 20 டிகிரியில் 35 பிஎஸ்ஐ அடித்த டயர் மைனஸ் 20இல் 28 காட்டும்.

சட்டம் என்று பார்த்தால், கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2008 முதல் குளிர்கால டயர் கட்டாயம். இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை. பக்கச்சுவரில் மூன்று சிகரங்களும் நடுவில் பனிப்பூவும் கொண்ட முத்திரை இருக்க வேண்டும். வெறும் ‘எம்+எஸ்’ எழுத்து போதாது. அந்த முத்திரையும் அமுங்கிய பனியில் இழுவைத் திறனைச் சோதித்துத் தருவதுதான். பனிக்கட்டியில் நிற்கும் திறனுக்கு அது சான்றல்ல. ஒன்டாரியோவில் கட்டாயமில்லை. ஆனால் குளிர்கால டயர் போட்டவர்களுக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்று 2016 ஜனவரியிலிருந்து விதி இருக்கிறது. விலைக்கும் ஒரு பருவம் உண்டு. முதல் பனி விழுந்த மறுநாள் எல்லாரும் தேடுவார்கள், விலை ஏறும். ஏப்ரலில் தேட ஆளிருக்காது. விற்பவருக்கு அக்டோபரும் வாங்குபவருக்கு ஏப்ரலும் நல்ல மாதங்கள்.

ஸ்கார்பரோவில் பேரம் முடிந்துவிட்டது. இரண்டு சக்கரம் டிக்கியில், இரண்டு பின்சீட்டில், கீழே பழைய துணி விரித்து. பெரியவர் ஒவ்வொரு டயரிலும் சாக்கட்டியால் எழுதிவைத்திருந்த முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது என்ற குறிகளை ஒருமுறை சரிபார்க்கிறார். உள்ளே போய் இருபது நட்டுகள் போட்ட பையைக் கொண்டுவந்து இளைஞன் கையில் கொடுக்கிறார்.

“பூட்டி நூறு கிலோமீட்டர் ஓடினாப் பிறகு, நட்டெல்லாத்தையும் ஒருக்கா இறுக்கிப் பாரும். மறந்திடாதையும். ராத்திரிக்கு நான் ஃபோன் எடுத்துக் கேப்பன்.”